வீட்டில் நடக்கும் பள்ளிக்கூடம்: ஆஸ்திரேலியப் பண்ணைக் குடும்பங்களின் ஒரு நாள்

நம் நாட்டில் ஒரு பிள்ளை பள்ளிக்கு எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதற்கு ஓர் அளவு உண்டு. 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கட்டாயக் கல்விச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகள், ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு 1 கிலோமீட்டருக்குள்ளும், எட்டாம் வகுப்பு வரையுள்ளோருக்கு 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி அமைதல் வேண்டும் என்கின்றன. ஆஸ்திரேலிய நாட்டிலும் இதையொத்த அளவு ஒன்று உண்டு. அருகிலுள்ள தகுந்த அரசினர் பள்ளி வீட்டிலிருந்து 56 கிலோமீட்டர் அல்லது அதற்கும் மேற்பட்ட தூரத்தில் இருக்குமாயின், அவ்வீட்டுப் பிள்ளையைத் தனித்து வாழும் பிள்ளையாகக் கருதி அரசினர் கல்வி உதவித்தொகை வழங்குகின்றனர். தகுதிக்குரிய விதிகள் பல. அவற்றுள் இது ஒன்று.

அத்தகைய பிள்ளைகளிற் பலர் வீட்டிலேயே படிக்கின்றனர். வீட்டின் ஓர் அறையே வகுப்பு; தாயே உடனிருந்து கற்பிப்பவர்; ஆசிரியரோ பல நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து குரலாலும் படத்தாலும் வந்து சேர்பவர். பள்ளி அருகே இருந்தும் அதனை விரும்பாது, அரசினரிடம் பதிவு செய்துகொண்டு தம் பிள்ளைகளுக்குத் தாமே கற்பிக்கும் பெற்றோரும் அந்நாட்டில் உளர். இக்கட்டுரை அவர்களைப் பற்றியதன்று. வேறு வழியின்மையால் வீட்டையே பள்ளியாக்கிக்கொண்ட கால்நடைப் பண்ணைக் குடும்பங்களைப் பற்றியது.

நம் அங்கத்தினர்களுள் நெசவாளர் பலரும் வீட்டையே தொழிற்கூடமாகக் கொண்டவர்கள். விவசாயிகளின் வாழ்வும் வீட்டையும் வயலையும் பிரித்தறிய இயலாத வாழ்வு. ஒரே கூரையின் கீழ்த் தொழிலும் குடும்பமும் கல்வியும் எவ்வாறு இணைந்து நடக்கக்கூடும், அதன் சுமை யார் தோளில் விழுகிறது என்பதை எண்ணிப் பார்க்க இக்குடும்பங்களின் அநுபவம் நமக்குப் பெரிதும் துணை செய்யும்.

நிலமும் தொலைவும்

ஆஸ்திரேலியக் கண்டத்தின் நடுவில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்னும் சிறு நகரம் இருக்கிறது. தெற்கே அடிலெய்டு நகரம் சுமார் 1,500 கிலோமீட்டர். வடக்கே டார்வின் நகரமும் ஏறக்குறைய அதே தூரம். இடையிலுள்ள நிலம் செம்மண்ணும் முட்புதரும் நிறைந்தது. மழை ஆண்டொன்றுக்குச் சராசரியாக 300 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. புல் அடர்ந்து வளராத இடத்தில் ஒரு மாட்டைக் காக்கப் பரந்த நிலம் வேண்டும். ஆகவே அங்குள்ள மாட்டுப் பண்ணைகள் சதுரக் கிலோமீட்டர் ஆயிரக்கணக்கில் விரிந்து கிடக்கின்றன. ஒரு பண்ணைவீட்டிலிருந்து அடுத்த பண்ணைவீட்டிற்குச் செல்ல வண்டியில் ஒரு மணி, இரண்டு மணி நேரம் ஆவது அங்கு இயல்பு.

இந்நிலப்பரப்பில் வாழும் பிள்ளைகளுக்கென ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் அமைந்திருப்பதே ‘வான்வழிப் பள்ளி’. அதன் எல்லை சுமார் 13 இலட்சம் சதுரக் கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பு 1.3 இலட்சம் சதுரக் கிலோமீட்டர் என்பதை நினைவிற் கொண்டால், பத்துத் தமிழ்நாடுகளின் பரப்பிற்கு ஒரே பள்ளி என்பது விளங்கும். மாணவர் தொகையோ ஏறத்தாழ நூற்றுச் சொச்சம்தான். நம் ஊர்ப் பள்ளியொன்றில் மூன்று வகுப்புகளில் அடங்கிவிடக்கூடிய பிள்ளைகள் அத்துணை பெரிய நிலத்தில் சிதறிக் கிடக்கின்றனர்.

காற்றில் வந்த பாடம்

இப்பிள்ளைகளுக்கு முதலில் கிட்டியது அஞ்சல்வழிக் கல்வி. விக்டோரியா மாநிலத்தில் 1914ஆம் ஆண்டில் தொடங்கிய இம்முறை மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. பாடங்கள் உறையிலிட்டு வரும். பிள்ளை எழுதிய விடைகள் உறையிலிட்டுத் திரும்பும். தபால் சில வாரங்களுக்கு ஒரு முறையே வந்து போகும் வீடுகளில், பிள்ளை செய்த கணக்குச் சரியா, தவறா என்று அறிவதற்குள் அக்கணக்கே மறந்துபோகும். ஆசிரியரின் கையெழுத்தைத் தவிர வேறெதனையும் மாணவன் அறியான்.

இந்நிலை மாறியது மருத்துவத்தின் வழியாக. போதகரான ஜான் ஃபிளின் என்பவர் 1928ஆம் ஆண்டில் குயீன்ஸ்லாந்து மாநிலத்துக் குளோன்கரி என்னும் ஊரில் பறக்கும் மருத்துவர் சேவையைத் தொடங்கினார். மருத்துவர் விமானத்தில் வருவார்; ஆனால் நோயாளி இருக்கும் இடத்திலிருந்து அவரை அழைப்பது எப்படி? மின்சாரமில்லாத பண்ணைகளில் இக்கேள்விக்கு விடை தந்தவர் ஆல்ஃபிரட் டிரேகர் என்னும் பொறியாளர். சைக்கிளை மிதிப்பதுபோல் காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கிச் செய்தி அனுப்பும் வானொலிக் கருவியை அவர் அமைத்தார். 1929 முதல் அக்கருவி பண்ணை பண்ணையாகச் சென்று சேர்ந்தது. நோயை அறிவிக்கப் பிறந்த கருவி, நாளடைவில் அக்கம்பக்கத்தார் பேசிக்கொள்ளும் திண்ணையாகவும் ஆயிற்று. பெண்கள் ஒருவரோடொருவர் உரையாடுவதற்கெனக் குறித்த நேரங்கள் ஒதுக்கப்பட்டன. கூட்டமாகக் கூடி இரையும் ‘கலா’ என்னும் கிளியின் பெயரால் அவ்வேளையை அவர்கள் வேடிக்கையாக அழைத்தனர்.

தென் ஆஸ்திரேலியாவில் பள்ளி ஆய்வாளராகப் பணியாற்றிய அடிலெய்டு மீத்கி என்னும் அம்மையார் பறக்கும் மருத்துவர் சேவையிலும் ஈடுபட்டிருந்தார். 1940களில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பகுதிக்குச் சென்ற அவர், பண்ணைப் பிள்ளைகள் புதியவரோடு பேசக் கூசி நிற்பதைக் கண்டார். மருத்துவரை அழைக்கும் அதே கருவியில் இப்பிள்ளைகளும் பேசலாமே என்பது அவருக்குத் தோன்றிய யோசனை. அதன் பயனாக 1951ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்துப் பறக்கும் மருத்துவர் நிலையத்திலிருந்து முதல் வான்வழிப் பள்ளி முறையாகத் தொடங்கி வைக்கப்பட்டது. புரோக்கன் ஹில்லில் 1956இலும், கேத்தரினில் 1966இலும் இத்தகைய பள்ளிகள் எழுந்தன.

அரை நூற்றாண்டுக் காலம் இப்பள்ளிகள் வானொலி அலையிலேயே நடந்தன. இடியும் மின்னலும் வந்தால் குரல் கரகரத்து மறையும். ஒருவர் பேசி முடித்தபின்தான் அடுத்தவர் பேச இயலும். 2000க்குப் பின்வந்த ஆண்டுகளில் வானொலி விடைபெற்று, செயற்கைக்கோள் வழியாக இணையத் தொடர்பு வந்தது. 2015இலும் 2016இலும் ஏவப்பட்ட ஆஸ்திரேலியாவின் ‘ஸ்கை மஸ்டர்’ செயற்கைக்கோள்கள் இரண்டும் இவ்வீடுகள் பலவற்றிற்குத் தொடர்பு தருகின்றன. இன்று ஆசிரியை ஒளிப்பதிவுக் கருவியின் முன் நின்று கற்பிக்கிறார். பிள்ளைகள் கணிப்பொறியில் அவரைக் கண்டும் கேட்டும் விடை சொல்கின்றனர்.

காலை முதல் மாலை வரை

ஒரு பண்ணைவீட்டில் பள்ளி நாள் எவ்வாறு செல்கிறது என்பதை இனிக் காண்போம். வீட்டுக்கு வீடு சிறு வேறுபாடுகள் உண்டு. பொதுவான நடைமுறை பின்வருமாறு.

பொழுது புலர்வதற்கு முன்பே வீடு விழித்துக்கொள்ளும். கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் நிலமாதலால் வெளிவேலைகளை விடியற்காலையிலேயே முடித்தாக வேண்டும். தந்தையும் பண்ணையாட்களும் மாடுகளைப் பார்க்கவோ, ஆழ்குழாய்க் கிணறுகளிலும் தொட்டிகளிலும் நீர் உள்ளதா என்று சோதிக்கவோ புறப்பட்டுவிடுவர். பிள்ளைகளுக்கும் வேலை உண்டு. கோழிக்குத் தீனி வைத்தல், நாய்களுக்கு உணவிடுதல், தாயற்ற கன்றுகளுக்குப் புட்டியில் பால் ஊட்டுதல், செடிகளுக்கு நீர் பாய்ச்சுதல் ஆகியவை அவர்கள் பொறுப்பு. இவை முடிந்தபின் குளித்துக் காலையுணவு உண்பர்.

எட்டு மணி அளவில் பள்ளி தொடங்கும். வசதியுள்ள வீடுகளில் இதற்கெனத் தனியறை இருக்கும். இல்லாத வீடுகளில் தாழ்வாரத்தின் ஒரு பகுதியைத் தடுத்து அமைத்திருப்பர். சுவரில் எழுத்து அட்டைகளும் தேசப்படமும் தொங்கும். அடுக்குகளில் பள்ளி அனுப்பிய பாடக் கட்டுகள், நூல்கள், வண்ணங்கள், அளவுகோல்கள் இருக்கும். அனுபவமுள்ள தாய்மார் ஒரு விதியைக் கடைப்பிடிக்கின்றனர். அறைக்குள் நுழைந்துவிட்டால் அது பள்ளி. அங்கே சமையற் பேச்சு இல்லை, விளையாட்டு இல்லை. வாயிற்படிக்கு இந்தப் புறம் தாய், அந்தப் புறம் ஆசிரியை. இவ்வெல்லையை நாள்தோறும் காப்பதே தங்களுக்குக் கடினமான வேலை என்பது தாய்மார் பலர் சொல்லும் செய்தி.

காலைப்பொழுது மொழிக்கும் கணக்கிற்கும் உரியது. வீட்டில் மூன்று பிள்ளைகள் இருப்பின் மூன்று வகுப்புகள் உண்டு. எழுத்துக் கூட்டிப் படிக்கும் சிறுமிக்கு அருகில் அமர்ந்தாக வேண்டும். அதே வேளையில் மூத்தவன் பின்னக் கணக்கில் தடுமாறி அழைப்பான். நடுப்பிள்ளை சன்னலுக்கு வெளியே நிற்கும் குதிரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஆகவே, ஒரு பிள்ளைக்குக் கற்பிக்கும் நேரத்தில் மற்றப் பிள்ளை தானே செய்யத்தக்க வேலையை முன்னதாகவே வகுத்துவைக்க வேண்டும். அதற்காக முதல்நாள் இரவே மறுநாட் பாடங்களைத் தாய் படித்து வைத்துக்கொள்கிறார்.

செயற்கைக்கோள் வகுப்பு நாளில் ஒரு சிறு பகுதியே. அரை மணியோ, ஒரு மணியோ நடக்கும். குறித்த நேரத்தில் பிள்ளை கணிப்பொறியின் முன் அமர்வான். ஆசிரியை ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வினவுவார். ஒரு பண்ணையில் மழை பெய்திருக்கும். இன்னொன்றில் புதிய நாய்க்குட்டி வந்திருக்கும். அச்செய்திகள் முதலில் சொல்லப்படும். பின்னர் பாடம். அறிவுக்கு உரிய பயன் ஒரு புறமிருக்க, தன் வயதொத்த பிள்ளைகளின் முகத்தைக் காணவும் குரலைக் கேட்கவும் அப்பிள்ளைக்கு வாய்ப்பது அந்நேரத்தில்தான். நேரில் கண்டிராத நண்பனைக் குரலால் அறிந்து வளர்வது வானொலிக் காலந்தொட்டே இப்பள்ளிகளின் இயல்பு.

முற்பகலில் ‘ஸ்மோகோ’ எனப்படும் தேநீர் வேளை வரும். வெளிவேலையிலிருந்து ஆட்கள் திரும்புவர். அவர்களுக்குத் தேநீரும் தின்பண்டமும் வேண்டும். பல பண்ணைகளில் ஆட்களுக்குச் சமைப்பவரும் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவரும் ஒருவரே. நண்பகல் உணவிற்குப் பின் அறிவியல், சமூகப் பாடம், ஓவியம், கைவேலை ஆகியன நடக்கும். மழைமானியைப் பார்த்துக் குறித்தல், கன்றை நிறுத்துப் பதிதல், தொட்டியின் கொள்ளளவைக் கணித்தல் ஆகியவற்றுக்கு அங்கே வாய்ப்பு நிறைய உண்டு. இரண்டரை, மூன்று மணிக்குப் பள்ளி முடிவடையும். அதன்பின் பிள்ளைகள் குதிரையேறவும் தந்தையோடு வண்டியில் செல்லவும் புறப்படுவர். தாயோ காலையில் விட்ட வேலைகளைத் தொடங்குவார்.

மாடுகளைத் திரட்டும் பருவம் வந்துவிட்டால் இவ்வொழுங்கு தடுமாறும். எல்லாரும் வெளியே செல்லும்போது உள்ளே அமர்ந்து எழுத எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? சில குடும்பங்கள் சனிக்கிழமையில் படித்து வேலைநாளில் விடுமுறை விடும். சில விடியலிலேயே பாடத்தை முடித்துக்கொள்ளும். ஆயினும் ஆண்டின் பாடம் ஆண்டிற்குள் முடிந்தாக வேண்டும். செய்த வேலைகள் பள்ளிக்கு அனுப்பப்பட்டுத் திருத்தப்படுகின்றன. ஆசிரியர் ஒருமுறையேனும் ஒவ்வொரு வீட்டிற்கும் நேரில் சென்று காண முயல்கின்றனர். பிள்ளைகளும் ஆண்டில் சில முறை ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வந்து, ஒரு வாரம் ஒன்றாக இருந்து படிக்கவும் விளையாடவும் நீந்தவும் செய்கின்றனர். குழுவாகப் பந்தாடுதல் என்பதே சில பிள்ளைகளுக்கு அந்த வாரத்தில்தான் கிட்டுகிறது.

கணக்கில் வராத உழைப்பு

இவ்வொழுங்கைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். செயற்கைக்கோளைப் பற்றியும், உலகத்திலேயே பெரிய வகுப்பறை என்னும் புகழைப் பற்றியும் பலரும் பேசுகின்றனர். ஆனால் நாளில் ஐந்து, ஆறு மணி நேரம் நடைபெறும் பள்ளியில் ஆசிரியையின் குரல் ஒலிப்பது சிறு பகுதி. எஞ்சிய நேரம் முழுவதையும் தாங்குபவர் வீட்டில் உள்ளவர். அவருக்கு ‘வீட்டுப் பயிற்றுநர்’ என்று பெயர் இருக்கிறது, சம்பளம் இல்லை. கருவி மிதிவானொலியிலிருந்து செயற்கைக்கோளுக்கு மாறியபோதும் இந்த ஒன்று மாறவில்லை.

வசதியுள்ள குடும்பங்கள் ‘கவர்னஸ்’ என்னும் வீட்டு ஆசிரியை ஒருவரைச் சம்பளத்திற்கு அமர்த்துகின்றன. பெரும்பாலும் பள்ளிப்படிப்பை முடித்த இளம் பெண்களே அவ்வேலைக்கு வருகின்றனர். தனிமையைப் பொறுத்துப் பல ஆண்டுகள் தங்குவோர் சிலரே. அமர்த்த இயலாத குடும்பங்களில் தாயே கற்பிக்கிறார். அவர் அந்நேரத்தில் பண்ணைக் கணக்கை எழுதியிருக்கலாம், வேலியைச் சரிபார்த்திருக்கலாம், வெளியே சென்று ஊதியம் ஈட்டியிருக்கலாம். அவற்றையெல்லாம் விட்டுவிட்டே வகுப்பில் அமர்கிறார். அரசினர் தரும் உதவித்தொகை பிள்ளையின் கல்விச் செலவிற்கு. கற்பிப்பவரின் உழைப்பிற்கு அன்று.

நெசவாளர் குடும்பத்தில் பிறந்த எவருக்கும் இச்செய்தி புதிதாக இராது. தறியில் அமர்பவர் ஒருவர். தார் சுற்றுபவரும் பாவு பிணைக்கத் துணைநிற்பவரும் வேறொருவர். சேலைக்குரிய கூலி ஒருவர் பெயரில் எழுதப்படுகிறது. தார் சுற்றிய கைக்குத் தனிக்கூலி பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. வேலை வீட்டிற்குள் நடந்தால் அது வேலையாகத் தோன்றாமல் போவது நெசவிற்கும் உண்டு, கல்விக்கும் உண்டு.

சங்கமாகச் சேர்ந்த பெற்றோர்

இந்நிலையில் அக்குடும்பங்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் வறட்சியும் கம்பளி விலை வீழ்ச்சியும் ஆஸ்திரேலியக் கிராமப்புறத்தை வாட்டின. பிள்ளைகளை விடுதிப்பள்ளிக்கு அனுப்பப் பணம் இல்லாமற் போயிற்று. 1971ஆம் ஆண்டில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துப் பர்க் என்னும் ஊரில், பேட் எட்ஜ்லி என்னும் தாயாரின் முயற்சியால் பெற்றோர் ஒன்றுகூடித் தனித்து வாழும் பிள்ளைகளின் பெற்றோர் சங்கத்தை அமைத்தனர். அடுத்த வீடே பல கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர்கள் சங்கம் சேர்ந்தனர் என்பதை நாம் சிந்தித்தல் வேண்டும். கிளைகள் பல ஊர்களில் எழுந்தன. மாநிலங்களிலும் சங்கம் பரவியது.

அச்சங்கத்தின் கோரிக்கை எளியது. நகரத்துப் பிள்ளைக்கு அரசு பள்ளி கட்டித் தருகிறது. எங்கள் பிள்ளைக்குப் பள்ளி கட்ட இயலாதெனில், அவன் கல்விக்கு ஆகும் கூடுதற் செலவையேனும் பகிர்ந்துகொள்ளட்டும் என்பதே அது. 1973இல் மத்திய அரசினர் தனித்து வாழும் பிள்ளைகளுக்கான உதவித்திட்டத்தைக் கொண்டுவந்தனர். பிள்ளை விடுதியில் தங்கிப் படித்தாலும், பள்ளிக்கு அருகே குடும்பம் இரண்டாம் வீடு அமைத்துக்கொண்டாலும், வீட்டிலேயே தொலைவழிக் கல்வி பெற்றாலும் அத்திட்டத்தில் இடம் உண்டு. அவ்வுதவி இன்றும் தொடர்கிறது. வீட்டிலிருந்து கற்பிப்பவருக்கும் ஒரு படித்தொகை வேண்டும் என்று சங்கம் நெடுங்காலமாக வேண்டி வருகிறது.

இதனோடு வேறு துணைகளும் வளர்ந்தன. வீட்டுப் பயிற்றுநருக்குப் பள்ளிகளே பயிற்சி வகுப்புகள் நடத்துகின்றன. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் பிறரும் தொண்டர்களாக முன்வந்து, ஒரு பண்ணையில் சில வாரம் தங்கிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஏற்பாடும் உண்டு. குடும்பம் அவர்களுக்கு இடமும் உணவும் தருகிறது. தாய் நோயுற்றாலும், குழந்தை பிறந்தாலும், மாடு திரட்டும் வேலை நெருக்கினாலும் பள்ளி நின்றுவிடாமல் காப்பது இத்தகைய துணையே. ஆகவே, வீட்டிற்குள் நடக்கும் இக்கல்வியை ஒரு வீட்டின் தனிச்செயல் என்று கருதுவது பொருந்தாது. அரசுப்பள்ளியும் அஞ்சலும் செயற்கைக்கோளும் பெற்றோர் சங்கமும் தொண்டரும் அதன் பின்னே நிற்கின்றனர்.

குறைகளும் எல்லைகளும்

இக்கல்வியின் சிறப்புகளைச் சொல்லும்போது குறைகளையும் மறைத்தல் கூடாது. தாய் ஆசிரியப் பயிற்சி பெற்றவர் அல்லர். படிப்பில் இயல்பாகவே தடையுள்ள பிள்ளைக்கு எவ்வகைத் துணை வேண்டும் என்பதை வீட்டில் கண்டறிவது அரிது. கண்டறிந்தாலும் அத்துணை எட்டாத் தொலைவில் இருக்கும். தாய்க்கே எழுத்தறிவு குறைவாயின் அக்குறை பிள்ளையின் பாடத்திலும் படியும். வகுப்பில் எழுந்த கோபம் இரவுணவு வரையில் நீடிப்பதும் உண்டு. தாயும் ஆசிரியையும் ஒருவரே ஆனதால் பிள்ளைக்கு முறையிட வேறு இடம் இல்லை.

மற்றொரு குறை வரலாற்றில் உள்ளது. தொடக்க ஆண்டுகளில் இவ்வகுப்புகள் பெரும்பாலும் பண்ணை உடைமையாளரும் மேலாளருமான வெள்ளையர் குடும்பங்களுக்கே எட்டின. அதே பண்ணைகளில் மாடு மேய்த்து உழைத்த ஆதிக்குடி மக்களின் பிள்ளைகளிற் பலருக்கு அக்காலத்தில் எந்தப் பள்ளியும் எட்டவில்லை. வானொலி அலை வேலி பார்ப்பதில்லை. கருவியை வைத்திருந்த வீடுதான் வேலி பார்த்தது. இன்று ஆதிக்குடிப் பிள்ளைகளும் இப்பள்ளிகளின் பதிவேட்டில் இடம்பெற்றுள்ளனர்.

மேலும், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பள்ளி ஒன்பதாம் வகுப்போடு முடிகிறது. பல பிள்ளைகள் அதற்கு முன்பே, பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் நகரத்து விடுதிப்பள்ளிக்குச் செல்கின்றனர். ஆண்டுக்கணக்கில் தாயின் அருகிலேயே அமர்ந்து படித்த பிள்ளை ஒருநாள் பெட்டியோடு புறப்படுகிறது. பிள்ளைக்கு அது புதிய உலகம். தாய்க்கோ மகனையும் மாணவனையும் ஒருங்கே அனுப்பிவைக்கும் நாள் அது.

நாம் எண்ணிப் பார்க்க வேண்டியவை

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொரோனா நோயை முன்னிட்டு நம் நாட்டுப் பள்ளிகள் மூடப்பட்டபோது, முன்னறிவிப்பின்றி நம் வீடுகளும் பள்ளிகளாயின. கல்வித் தொலைக்காட்சியில் பாடங்கள் வந்தன, கைப்பேசியிலும் வந்தன. கருவி உள்ள வீடுகளிலும், பிள்ளையின் அருகே அமர்ந்து படிப்பிக்க எவருக்கு ஓய்வு இருந்தது? தறியை நிறுத்தினால் கூலி இல்லை. வயலுக்குப் போகாவிட்டால் பயிர் இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்த பிள்ளைகள் அதனை மறந்தனர். 2021இல் தமிழக அரசினர் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கற்பிக்க ஏற்பாடு செய்தனர். பாடத்தை வீட்டிற்கு அனுப்பினால் மட்டும் போதாது, அருகில் அமர ஓர் ஆள் வேண்டும் என்பதே அத்திட்டத்தின் அடிப்படை. ஆஸ்திரேலியப் பண்ணைத் தாய்மார் நீண்டகாலமாகச் செய்துவரும் வேலையும் அதுதான்.

நமக்குப் பள்ளி தொலைவில் இல்லை. ஆயினும் பள்ளி விட்டபின் வரும் மாலைப்பொழுது வீட்டிற்கே உரியது. தறியோசை கேட்கும் கூடத்தில், விளக்கடியில், பிள்ளையின் வாசிப்பை அரைமணி நேரம் கேட்பவர் யார் என்பதை ஒவ்வொரு குடும்பமும் தனக்குள் வினவிக்கொள்ளலாம். கேட்பதற்குப் பெரும்படிப்பு வேண்டியதில்லை. பிள்ளை படிக்க, தார் சுற்றியபடியே கேட்டிருந்து, பொருள் என்ன என்று வினவினாலும் அது பயிற்சியே. ஆனால் அதனைத் தாயின் வேலைகளில் மேலும் ஒன்றாகக் கூட்டிவிடுவது நியாயமாகாது. தந்தையும் மூத்த பிள்ளைகளும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளுதல் வேண்டும்.

வீட்டால் இயலாததைச் சங்கம் செய்யலாம். பல சங்கங்களின் கூடங்கள் மாலையில் பூட்டிக் கிடக்கின்றன. அங்கே ஒரு விளக்கும் சில பாய்களும், ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் ஒரு மணி நேரமும் கிட்டுமாயின், வீட்டில் கேட்பார் இல்லாத பிள்ளைகளுக்கு அதுவே போதுமான தொடக்கம். இதற்குப் பெரும் நிதி தேவையில்லை. அடுத்த பொதுக்கூட்டத்தில், நூல் விலை, விதை, கடன் ஆகிய பொருள்களோடு இதனையும் ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளலாம். அக்கூட்டத்திற்குத் தாய்மாரையும் அழைத்து, மாலை நேரம் தங்களுக்கு எவ்வாறு கழிகிறது என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டபின் முடிவெடுப்பது நலம்.